பின்னிணைப்பு அல்ல, பட்டறை

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்பட வரிசையின் நீட்டிக்கப்பட்ட பதிப்புகள் 2002 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாக டிவிடியில் வெளிவந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு வட்டுகள் உண்டு. இரண்டில் படமும், மற்ற இரண்டில் 'பின்னிணைப்புகள்' என்ற தலைப்பில் அது உருவான விதமும் இடம்பெற்றுள்ளன. படத்துக்காகத்தான் வாங்கினேன், இப்போது அடிக்கடி கையில் எடுப்பது பின்னிணைப்புகளையே.

உயரமான கேண்டால்ஃபும் குள்ளமான ஃப்ரோடோவும் ஒரே மேசையில் பேசும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவரைக் கேமராவுக்கு அருகிலும் மற்றவரைத் தள்ளியும் அமர்த்தி உயர வேறுபாட்டைக் காட்டுவது பழைய உத்திதான் என்றாலும், கேமரா சற்று நகர்ந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால், கேமரா நகரும்போதே நடிகரின் இருக்கையும் அதற்கு ஈடாக நகரும்படி அரங்கை அமைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் படத்தைப் பார்க்கும்போது கண் ஏமாறத்தான் செய்கிறது.

இவ்வட்டுகளின் உண்மையான மதிப்பு, கைவிடப்பட்ட முயற்சிகளையும் மறைக்காமல் காட்டுவதில் இருக்கிறது. மூன்றாம் படத்தின் இறுதிப் போரில் நாயகர்களில் ஒருவனான அரகார்ன், கதையின் முதன்மை வில்லனான சாரோனுடன் நேருக்கு நேர் மோதும் காட்சியைப் படமாக்கிவிட்டு, அது கதையின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று பின்னர் உணர்ந்து, சாரோன் இருந்த இடத்தில் கணினி வழியே ஒரு பூதத்தைப் பொருத்தியதைப் படக்குழுவினரே விளக்குகிறார்கள். எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்து இருபது நிமிடத்தில் விடைபெறும் இன்றைய 'மேக்கிங்' வீடியோக்களில் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. அவை விளம்பரத்தின் நீட்சி மட்டுமே.

இரண்டாம் படத்தின் ஒலிப்பதிவு பற்றிய பகுதியும் தவறவிடக் கூடாதது. வெலிங்டனில் கிரிக்கெட் பார்க்க வந்த சுமார் 25,000 பேரை, அரக்கர் படையின் முழக்கத்தை ஒரே குரலில் எழுப்பச் செய்கிறார் இயக்குநர் பீட்டர் ஜாக்சன். (கிரிக்கெட் ரசிகர்களுக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது.)

குறைகளும் உள்ளன. நடிகர்களின் நட்பைப் பற்றிய பேட்டிகள் அளவுக்கு மீறி நீள்கின்றன. பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக அறுத்துக் கையால் கோத்துக் கவசம் செய்தவர்களுக்கு இன்னும் சற்று நேரம் ஒதுக்கியிருக்கலாம். மூன்று பெட்டிகளையும் வாங்க இயலாதவர்களுக்கு முதல் படத்தின் பெட்டியே போதுமானது. அதிலும் உருவ அளவுகளைப் பற்றிய பகுதியை முதலில் பார்த்துவிடுவது நல்லது.