20 லிட்டர் கொம்புச்சா டீயை ஆறவைக்க: காயிலா, ஐஸா, குளிர்ந்த தண்ணீர்க் கணக்கா?

3 லிட்டர் ஜாடியில் கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடுகிறவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. அது சமையல் மேடையிலேயே ஆறிவிடும். 20 லிட்டர் அண்டாவுக்கு மாறும்போதுதான் சிக்கல். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. ஆனாலும் மூடி வைத்த அண்டா விடிந்த பிறகும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். 40 டிகிரிக்கு மேல் ஸ்கோபியை, அதாவது டீயைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் ஆடையை, போட்டால் அது பிழைப்பது கஷ்டம். சர்க்கரை போட்ட டீயை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் விடுவதும் நல்லதில்லை, அதுவும் ஜூலையில் பீரோவுக்குள் இருக்கும் தோல் பையிலேயே பூசணம் பூக்கிற ஊரில்.

நான் இப்போது செய்வது கெட்டி டிகாஷன் இறக்கிக் குளிர்ந்த தண்ணீர் கலக்கும் முறை. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். முதலில் மற்றவை.

காயில் என்பது பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து வந்த சாமான். சுருட்டிய செம்பு அல்லது ஸ்டீல் குழாயைக் கொதித்த பாத்திரத்துக்குள் இறக்கி, குழாய்க்குள் பச்சைத் தண்ணீரை ஓடவிடுவார்கள். அவர்களுக்கு அது அவசியம். மால்ட் வடிநீரை, அதாவது வோர்ட்டை, மெதுவாக ஆறவிட்டால் வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும் டி.எம்.எஸ். என்ற கந்தகச் சேர்மம் அதில் தங்கிவிடும். சட்டென்று குளிர்ந்தால் புரதம் திரிந்து அடியில் படிந்து, பீர் தெளிவாக வரும். (நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்ச மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. அது தனிக் கதை.) டீயில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இலையைப் பொடியாக்காமல் உருட்டிச் செய்யும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீ குளிர்ந்தாலும் அவ்வளவாகக் கலங்காது என்பதால்தான் ஐஸ் டீக்கு அதைத் தேடி வாங்குகிறார்கள்.

காயில் நல்ல வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 85 டிகிரியில் இருக்கும் 20 லிட்டரை 27க்குக் கொண்டுவர 50, 60 லிட்டர் தண்ணீர் குழாய் வழியே ஓடவேண்டும். ஊருக்குத் தண்ணீர் தரும் ரேலியா அணையில் மட்டம் இறங்கி, நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே காத்திருக்கும் கோடையில் அதை ஓஸ் பைப்பில் சாக்கடைக்கு விட மனசு வராது. டிரம்மில் பிடித்துத் துணி துவைக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சூட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, “தம்பி, அடுத்த தடவை சொல்லுங்க, ரெண்டு குடம் எடுத்துக்கிறேன்” என்றார். அப்படி ஒரு உபயோகம் உண்டு. காயிலின் வெளிப்புறத்தில், சுருளும் சுருளும் ஒட்டுகிற இடுக்கில், டீக்கறையும் சர்க்கரைப் பிசுக்கும் சேரும். பழைய டூத் பிரஷ் இல்லாமல் அது போகாது.

அடுக்கிய தகடுகளுக்கு இடையே ஒரு பக்கம் சூடான திரவமும் மறுபக்கம் பச்சைத் தண்ணீரும் ஓடும் பிளேட் சில்லர் இன்னும் வேகம், ஆனால் தகடுகளுக்கு இடையே என்ன தங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. நான் பிறர் பயன்படுத்தப் பார்த்ததோடு சரி. டீத்தூள் துணுக்கு போகக்கூடிய இடத்தில் அதை வைக்கத் துணியமாட்டேன்.

அண்டாவை ஐஸ் தொட்டியில் இறக்கி வைப்பது எளிது என்று தோன்றும். அதே 20 லிட்டருக்கு ஐஸ் மட்டுமே என்றால் கணக்குப்படி சுமார் 11 கிலோ வேண்டும். வீட்டு ஃபிரிஜ்ஜின் ஃப்ரீசரில் அதில் கால்வாசி தேறினால் பெரிய விஷயம். பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துப் போடலாம் என்றால், சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே நம் மாவட்டத்தில் தடை.

இனி என் முறை. முந்தின நாள் மாலை 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இறுக்க மூடி, வடக்குப் பார்த்த வராந்தாவில் வைத்துவிடுவேன். ராத்திரி முழுக்க ஆறுவது வெறும் தண்ணீர். சர்க்கரையும் இல்லை, டீயும் இல்லை, கிருமிக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் 4 லிட்டரில் மட்டும் 160 கிராம் டீ, 1.4 கிலோ சர்க்கரை. கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டும்போது 85 டிகிரி வாக்கில் இருக்கும். அதை 15 டிகிரியில் இருக்கும் 16 லிட்டரில் ஊற்றிக் கலக்கினால் 29 டிகிரி. ஆறவைக்கும் வேலை அந்த ஒரு நிமிடத்தோடு முடிந்தது. தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும் ஜனவரியில் 27க்குப் பக்கம் வரும்.

எனக்கு இந்த முறையைத் தேர்ந்தெடுக்க வைத்தது வேகம்கூட அல்ல, நிற்கவேண்டிய சூட்டில் அதுவாகவே நிற்பதுதான். மலையில் அளவுக்கு மீறி ஆறுவதும் தொந்தரவு. காயிலைத் திறந்துவிட்டு ஒரு போன் பேசி வந்தால் டீ 20க்குக் கீழே போயிருக்கும். அந்தக் குளிரில் ஸ்கோபி சோம்பிக் கிடக்கும், புளிப்பு ஏற நாளாகும், அந்த இடைவெளியில் பூசணம் முந்திக்கொள்ளும். 27, 29 டிகிரியில் ஸ்டார்ட்டரை (முந்தின தடவை புளித்த கொம்புச்சாவில் எடுத்துவைத்தது) ஊற்றி அண்டாவைக் கம்பளியில் சுற்றிவிட்டால் முதல் ராத்திரியே வேலை தொடங்கிவிடும். கழுவ வேண்டியதும் இரண்டு பாத்திரமும் ஒரு வடிகட்டியும்தான்.

குறையும் உண்டு. 4 லிட்டரில் அவ்வளவு இலையைத் திணிக்கும்போது சாரம் முழுதாக இறங்குவதில்லை, இலையே அரை லிட்டரைக் குடித்துக்கொள்ளும். சி.டி.சி. டஸ்ட், அதாவது பொடியான டீத்தூள், போட்டால் துவர்ப்பு தூக்கலாக வரும், பெரிய இலைதான் சரி. 50 லிட்டருக்கு மேல் போடுகிறவர்களுக்கு இது ஒத்துவருமா என்பதை நான் செய்து பார்க்கவில்லை. அவ்வளவு தண்ணீரை ராத்திரி ஆறவைக்கப் பாத்திரம் எங்கே என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அவர்கள் ஸ்டீல் காயில் வாங்கட்டும். செம்பு வேண்டாம், புளித்த திரவம் தவறிப்போய்ப் பட்டால் உலோகம் கரையும்.

மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. 30 டிகிரித் தண்ணீரில் இதே அளவைக் கலந்தால் 41ல் போய் நிற்கும். குன்னூரிலேயே மே மாதம் ஆறவைத்த தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, அப்போது கலவை 33 வரும். அந்த மாதம் மட்டும் 16 லிட்டரில் 5 லிட்டரைக் காலையிலேயே ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள், மறுபடி 29க்குள் வந்துவிடும்.