காபியின் சுவையில் கோப்பையின் பங்கு: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

காபித்தூளின் வறுவலையும் தண்ணீரின் தரத்தையும் பற்றி நுணுக்கமாகப் பேசுகிறவர்கள்கூட, அதை ஊற்றிக் குடிக்கும் கோப்பையை வெறும் அழகுப் பொருளாகவே கருதிவிடுகிறார்கள். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர், மூடியிட்ட வெற்றிடக் குவளை எனப் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் என் கருத்து வேறாக உறுதிப்பட்டிருக்கிறது. காபி எந்தச் சூட்டில் நாக்கைத் தொடுகிறது, அதன் மணம் எவ்வளவு மூக்கை எட்டுகிறது, உதட்டில் எது முதலில் படுகிறது என்பனவற்றைக் கோப்பைதான் தீர்மானிக்கிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவற்றைச் சார்ந்ததே.

இவற்றுள் சூட்டுக்கே நான் முதலிடம் தருவேன். கனமான பீங்கான் கோப்பை சூட்டை நெடுநேரம் காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கோப்பை முன்பே சூடாக இருந்தால்தான் அது உண்மை. 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் 300 கிராம் பீங்கான் கோப்பையில், 85 டிகிரியில் 200 மில்லி காபியை ஊற்றினால், இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்போது காபி ஏறக்குறைய 71 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதே காபியை 80 கிராம் எடையுள்ள மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் இந்த முதல் இழப்பு மூன்று டிகிரிக்குள் நின்றுவிடும். ஆகவே கனத்த கோப்பையை வெந்நீரால் நிரப்பி, ஓரிரு நிமிடம் வைத்திருந்து, கொட்டிவிட்டுப் பிறகே காபியை ஊற்றுவது என் நிலையான வழக்கம். எஸ்பிரெசோ போன்ற சிறிய அளவுக்கு இது இன்னும் இன்றியமையாதது. குளிர்ந்த கோப்பையில் விழும் முப்பது மில்லி காபியிடம், கோப்பைக்குக் கொடுத்தது போகத் தனக்கென்று மிஞ்சும் சூடு மிகக் குறைவு.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது நாக்கு சூட்டை உணருமே தவிரச் சுவையின் நுட்பங்களைப் பிரித்தறியாது. தொழில்முறைச் சுவைஞர்கள் பின்பற்றும் சோதனை முறையிலும், காபி ஏறக்குறைய 71 டிகிரிக்கு ஆறிய பிறகே முதல் கரண்டியை உறிஞ்சுகிறார்கள். இனிப்பை மதிப்பிட, அது உடல் வெப்பநிலையை ஒட்டி இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். ஆற ஆறப் புளிப்பும் பழச்சுவையும் தெளிவாக வெளிப்படுவதை, பால் சேர்க்காத மென்வறுவல் காபியில் எவரும் எளிதில் உணரலாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியதையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது.

எவர்சில்வரைப் பற்றிய முக்கியமான புகார், அது உலோகச் சுவையைத் தருகிறது என்பது. அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் காபியோடு எளிதில் வினைபுரியாது. என் பயன்பாட்டில், நன்கு கழுவி உலர்த்திய டம்ளரில் அந்தச் சுவையை நான் உணர்ந்ததில்லை. உண்மையான குறை அதன் விளிம்புதான். உலோகம் சூட்டை விரைந்து உதட்டுக்குக் கடத்துவதால், காபி குடிக்கத் தக்க சூட்டில் இருந்தாலும் உதடு சுடுகிறது. நாமும் அஞ்சி அஞ்சி, மிகச் சிறிய மிடறுகளாகவே குடிக்கிறோம். பாலும் சர்க்கரையும் சேர்த்த திடமான காபிக்கு இது பெரிய இடையூறு அன்று. மென்மையான கறுப்புக் காபியை நான் அதில் ஊற்றுவதில்லை.

மூடியிட்ட வெற்றிடக் குவளையைப் பயணத்துக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் விடாமல் பயன்படுத்தி வருகிறேன். சூட்டைக் காப்பதில் அதற்கு இணையில்லை. சுவையைக் காப்பதில் அது பின்தங்குகிறது. சிறு துளை வழியே உறிஞ்சும்போது மணம் மூக்குக்கு முன்கூட்டியே எட்டுவதில்லை என்பதால், அதே காபி தட்டையாகத் தோன்றுகிறது. (மூடியிட்ட காகிதக் கோப்பைக்கும் இதே குறை உண்டு.) மேலும், மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும் காபியில் சில லாக்டோன் சேர்மங்கள் சிதைந்து குவினிக் அமிலமாக மாறுவதால், உவப்பற்ற புளிப்பு தலைதூக்குகிறது. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது மூடியின் சிலிக்கோன் வளையம். காபியின் எண்ணெய் அதில் தங்கிக் காறிப்போய், அடுத்து ஊற்றும் காபிக்கெல்லாம் பழைய வாடையை ஏற்றிவிடும். வளையத்தைக் கழற்றிச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவது பலனளிக்கிறது. அதற்கும் வாடை போகாவிட்டால் வளையத்தை மாற்றுவதே வழி.

வடிவத்தின் விளைவு இதைவிட நுட்பமானது. வாய் அகன்ற கோப்பையில் நீராவி வழியே சூடு விரைந்து வெளியேறும், மணமும் சிதறும். மேலே குறுகும் கோப்பை மணத்தைத் தேக்கி வைக்கும். ஃபபியானா கார்வல்யோவும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், துலிப் மலர் வடிவக் கோப்பையில் இருந்த காபியின் மணம் கூடுதலாக உணரப்பட்டது. என் அனுபவமும் இதையே சொல்கிறது: பால் சேர்க்காத காபிக்கு, விளிம்பு மெல்லியதாகவும் வாய் சற்றுக் குறுகியும் உள்ள பீங்கான் கோப்பையே எனக்கு மிகுந்த நிறைவைத் தந்திருக்கிறது.

நிறத்தைப் பற்றி நான் நெடுநாள் ஐயத்தோடு இருந்தேன். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைக் கோப்பையில் குடித்தவர்கள், ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கோப்பையில் குடித்தவர்களைவிடக் காபியைத் திடமானதாகவும் இனிப்புக் குறைந்ததாகவும் மதிப்பிட்டார்கள். நாக்கை அடையுமுன் கண் ஓர் எதிர்பார்ப்பை உருவாக்கிவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். தனியாக ஒரு கோப்பையை ரசிக்கும்போது இதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இருவேறு காபிக்கொட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஒரே எடையும் வடிவமும் நிறமும் கொண்ட இரு கோப்பைகளை ஒரே அளவு வெந்நீரில் சூடாக்கிய பிறகே ஊற்றுகிறேன். இல்லையெனில் நான் மதிப்பிடுவது கொட்டையையா, கோப்பையையா என்பது தெளிவாகாது.