பைத்தானின் 'ரேஞ்ச்': அன்றாடப் பயன்பாட்டில் ஒரு மதிப்பீடு

பைத்தான் நிரல்மொழியில் எண்வரிசை தேவைப்படும்போதெல்லாம் நான் முதலில் நாடுவது 'ரேஞ்ச்' என்னும் உள்ளமைந்த செயற்கூற்றைத்தான். தொடக்கம், எல்லை, படி ஆகிய மூன்றையும் கொடுத்து ரேஞ்ச்(0, 10, 3) என்று எழுதினால் 0, 3, 6, 9 கிடைக்கின்றன.

பைத்தான் 2-இல் இச்செயற்கூறு கேட்ட எண்கள் அனைத்தையும் உடனே உருவாக்கிப் பட்டியலாக நினைவகத்தில் அடுக்கிவிடும் என்பதால், பெரிய வரிசைகளுக்கு 'எக்ஸ்ரேஞ்ச்' என்ற வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அந்த நிலையை மாற்றியது. இப்போதைய ரேஞ்ச் எண்களை அல்ல, அவற்றைப் பிறப்பிக்கும் விதியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் பத்து எண்களுக்கான ரேஞ்ச் பொருளின் அளவைக் கேட்டாலும், நூறு கோடி எண்களுக்கானதைக் கேட்டாலும் 48 பைட் என்றே விடை வருகிறது. ஓர் எண் வரிசையில் உள்ளதா என்று வினவினால், ஒவ்வொன்றாகத் தேடாமல் கணக்கிட்டே பதில் சொல்கிறது. ஆனால் 5 என்பதற்குப் பதிலாக 5.0 என்று கேட்டால் முதலிலிருந்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடத் தொடங்கிவிடும். பெரிய வரிசைகளில் இதை மறக்கக்கூடாது.

எல்லை எண் வரிசையில் சேராது என்பது புதியவர்களைத் தடுமாற வைக்கும். தேர்வு அறைக்கு 40 இருக்கை எண்கள் அச்சிட ரேஞ்ச்(1, 40) என்று எழுதி, 39 சீட்டுகளோடு நான் நின்றதுண்டு. ஆயினும் இந்த ஏற்பாட்டையே நான் ஆதரிக்கிறேன்: ரேஞ்ச்(0, 5), ரேஞ்ச்(5, 10) இரண்டும் இடைவெளியோ மேற்பொருந்தலோ இன்றி ஒட்டிக்கொள்கின்றன, எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது.

படியாக 0.1 கொடுத்தால் டைப்எரர் என்னும் தரவுவகைப் பிழை எழுகிறது. குறை என்று பலர் கருதும் இதை நான் நல்ல கண்டிப்பாகவே பார்க்கிறேன், 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டுவதால், முழு எண்களை எடுத்துப் பத்தால் வகுப்பதே பாதுகாப்பானது.

எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. இறங்குவரிசைக்காக ரேஞ்ச்(10, 0, -1) என்று எழுத வேண்டிய இடத்தில் -1 விடுபட்டுப்போனால், பிழைச்செய்தி ஏதுமின்றி வெற்று வரிசை வருகிறது, அதைக் கொண்டு கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழல் (லூப்) ஒருமுறைகூட ஓடுவதில்லை. தொடக்கமும் எல்லையும் சமமாகும்போது வரிசை வெறுமையாக இருப்பது தேவைதான். தொடக்கம் எல்லையைத் தாண்டும்போதாவது எச்சரிக்கை வந்திருக்கலாம். அது வராததால், எல்லைகளைப் பயனரிடமிருந்து பெறும் நிரல்களில் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ரேஞ்சை அழைக்கிறேன்.