திருகோணமலையில் நாளாந்தப் பயணத்திற்குப் பழைய டீசல் வேகன்: கொரோலா சி.இ.106 பற்றிய ஒரு மதிப்பீடு

உப்புவெளியிலிருந்து மூதூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவதற்காக, 2சி எஞ்சின் பொருத்திய டொயோட்டா கொரோலா சி.இ.106 டீசல் வேகன் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றேன். நாள்தோறும் நீண்ட தூரம் ஓட வேண்டியவருக்கு இது இன்றும் நம்பத்தக்க வாகனம் என்பதே என் முடிவு. ஆனால் திருகோணமலையில் வாங்குபவர் எஞ்சினின் சத்தத்தை வைத்து விலை பேசக்கூடாது. வாகனத்தின் தகரத்தையும், அதற்கு அடுத்ததாக எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பையும் பார்த்தே பேச வேண்டும். நகருக்குள், அனுராதபுரச் சந்திக்கும் உவர்மலைக்கும் இடையில் மட்டும் ஓடப் போகின்றவருக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுகிய ஓட்டத்தில் டீசல் எஞ்சின் உரிய சூட்டை எட்டுவதில்லை, கரி படிகின்றது, செலவிலும் மிச்சம் வராது. அவர்களுக்குச் சிறிய பெற்றோல் காரே பொருந்தும்.

1991 ஆம் ஆண்டு யப்பானில் அறிமுகமான ஏழாவது தலைமுறைக் கொரோலாவின் வேகன் வடிவங்களுள் ஒன்றே சி.இ.106. இதன் 2சி எஞ்சின் 1974 சி.சி. கொள்ளளவுடையது. கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பாலும், மேலேயுள்ள சிலிண்டர் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. டர்போ இல்லை, எரிபொருள் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குகின்றது, கணினிப் பெட்டி எதையும் அது நம்பியிருப்பதில்லை. இந்த எளிமைதான் இதன் பெரிய பலம். புதிய டீசல் வாகனங்களில் ஒரு சென்சர் பழுதானால் கொழும்பிலிருந்து கருவி வரும்வரை காத்திருக்க நேர்கின்றது. 2சியை அவிழ்த்துப் பூட்டத் தெரிந்தவர்களோ கிண்ணியாவிலும் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் இருக்கின்றார்கள். அன்றாடம் தேவைப்படும் பாகங்கள் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. கிடைக்காதவற்றைக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடி, இரவுப் பேருந்தில் போட்டு அனுப்பச் சொல்லலாம்.

விலையைப் பற்றிச் சொல்வதானால், இந்த வாகனத்தின் வயதுக்கும் அதன் விலைக்கும் இப்போது தொடர்பில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்படும் வரை, நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கொண்டிருந்தன. அதனால் முப்பது வயதை நெருங்கிய வேகன்களையும் உரிமையாளர்கள் தாம் வாங்கியதைவிடக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இறக்குமதி தொடங்கிய பின்னரும் வரிச்சுமையால் புதியவை எட்டாத உயரத்தில் இருப்பதால், பழையவற்றின் விலை எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. டீசல் மலிவு என்ற பழைய கணக்கையும் ஒருமுறை மீள எண்ணிப் பார்ப்பது நல்லது. 2022 ஜூன் இறுதியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவாகவும் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாகவும் நின்றபோது, அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தே போனது. இரண்டின் விலை இடைவெளி அரசின் தீர்மானத்தோடு கூடிக் குறையும். ஆகவே டீசலின் நன்மையை லீற்றரின் விலையில் தேடாமல், ஒரு லீற்றரில் ஓடும் தூரத்தில் தேட வேண்டும். என் வேகன் மூதூர் வீதியில், குளிரூட்டியோடு, லீற்றருக்குப் பதினான்கு கிலோமீற்றர் அளவில் தருகின்றது. இவ்வளவு பெரிய பின்பகுதியுள்ள பழைய வாகனத்திற்கு இது மெச்சத்தக்க அளவென்றே நான் கருதுகின்றேன்.

இனி, கறள். கடலோர ஊரில் பழைய வேகன் வாங்குபவர் வேறு எதனையும்விட நேரமெடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தின் மடிப்புகளில் தங்கி, மாரி மழையின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கின்றது. வெளியே பளபளக்கும் வர்ணம் எதையும் சொல்லாது. கதவுகளின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் நீள்பகுதி, சக்கர வளைவுகளின் உட்பக்கம், பின்கதவின் கண்ணாடிக்குக் கீழுள்ள ஓரம், மேலதிக டயர் வைக்கும் குழி ஆகிய இடங்களை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான் இருக்கின்றது. வாகனத்தை லிஃப்டில் ஏற்றி, முன் சஸ்பென்ஷன் பொருந்தும் பகுதிகளையும் பிரேக் எண்ணெய் செல்லும் உலோகக் குழாய்களையும் டோர்ச் வெளிச்சத்தில் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. அந்தக் குழாய்கள் செதில் செதிலாக உரிந்திருந்தால், அவற்றை மாற்றிய பின்னரே அந்த வாகனத்தை ஓட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

கிழக்குக் கரையின் வேகன்களுக்கு இன்னுமொரு வரலாறு உண்டு. பின்னிருக்கையை மடித்துவிட்டால் கிடைக்கும் நீண்ட தட்டில் பலர் மீன் பெட்டிகளை ஏற்றியிருப்பார்கள். பனிக்கட்டி உருகி வழிந்த உப்புநீர் விரிப்புக்கு அடியில் இறங்கித் தரையைத் தின்றிருக்கும். விற்பவர் புதிய விரிப்புப் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நடுப்பகல் வெயிலில் கண்ணாடிகளை மூடிச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், எத்தனை முறை கழுவியிருந்தாலும் அந்த வாசனை வெளிவந்துவிடும். மீன் ஏற்றிய வாகனம் கெட்ட வாகனம் என்று நான் சொல்லவில்லை. அது பலருடைய வாழ்வாதாரம். ஆனால் அந்தத் தரையைப் பார்க்காமல் அதற்கு விலை சொல்ல முடியாது. இதனாலேயே, குருநாகல், தம்புள்ளை போன்ற உள்நாட்டு ஊர்களில் பாவிக்கப்பட்ட வேகன் கிடைத்தால், சற்றுக் கூடிய விலை கொடுத்தாவது அதையே எடுப்பேன். எஞ்சினைத் திருகோணமலையில் புதுப்பித்துக்கொள்ளலாம். அரிக்கப்பட்ட தளத்தை முழுமையாகத் திருப்பிக் கட்டித்தருபவர் எங்குமில்லை, டிங்கரிங் வேலை எவ்வளவு திறமையாக நடந்தாலும் இரண்டு மாரிக்குள் கறள் மீண்டும் எட்டிப் பார்க்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை 2சியின் பலவீனம் ஊரறிந்தது: அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினிய ஹெட்டில் வெடிப்பு விழும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் காலத்தில், பகல் இரண்டு மணிக்குக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு கந்தளாய் வீதியில் செல்லும் வேகன்தான் இந்தப் பலவீனத்தை வெளிக்காட்டும். ஆகவே காலையில் விற்பவர் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. வாகனம் முதலில் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் வருமுன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், சென்றதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆறிய நிலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து, உள்ளே பச்சை அல்லது சிவப்பு நிறக் குளிர்திரவம் இருக்கின்றதா, செம்மண் போன்ற நீர் நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவராக இருப்பதால், கிணற்றுநீரை ஊற்றியே ஓட்டப்பட்ட வாகனத்தில் குழாய்களுக்குள் படிவு கட்டியிருக்கும். பின் எஞ்சினை இயக்கி, சூடேறும்வரை காத்திருந்து, விசிறி தானாகச் சுழலத் தொடங்குகின்றதா என்றும் மேல் ஹோஸ் கல் போல இறுகுகின்றதா என்றும் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுகினாலோ, குளிர்திரவத் தொட்டியில் இடைவிடாமல் குமிழ் வந்தாலோ, ஹெட் அல்லது அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போயிருக்கக் கூடும்.

இவ்விடத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் கடக்க முடியவில்லை. சூடேறுகின்றது என்று கராஜுக்குக் கொண்டுசென்றால், எஞ்சினின் சூட்டுக்கேற்பக் குளிர்திரவத்தின் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பகுதியில் பரவலாக நடக்கின்றது. வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்பது அவர்களின் வாதம். தேர்மோஸ்டற் இல்லாத எஞ்சின் காலையில் உரிய சூட்டை எட்ட வெகுநேரம் எடுக்கும், டீசலை வீணாக்கும், தேய்மானமும் கூடும். அடைபட்ட ரேடியேற்றர் என்ற உண்மையான நோயும் மறைந்து கிடக்கும். வாங்கிய வேகனில் அது இல்லையென்றால் புதியதைப் போட்டு, ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வடித்த நீரோடு குளிர்திரவம் கலந்து ஊற்றிவிட வேண்டும். பெரிய செலவில்லாத இந்த வேலை, ஹெட்டைக் காப்பாற்றும்.

டைமிங் பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2சியில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் எரிபொருள் பம்பையும் இந்தப் பெல்ட்டே சுழற்றுகின்றது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். மீற்றர் காட்டும் தூரத்தை நம்பாமல், விற்பவர் சொல்லும் "போன வருஷம்தான் மாத்தினது" என்பதையும் நம்பாமல், பற்றுச்சீட்டு இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். புகைப்பரிசோதனைக்கு முன்பே அதைச் செய்வது நல்லது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் செய்யும் அந்தப் பரிசோதனையில், டீசல் வாகனத்தின் எஞ்சினை உச்ச வேகத்துக்கு முடுக்கியே புகையின் அடர்த்தியை அளக்கின்றார்கள். பழைய பெல்ட்டுக்கு அதைவிடக் கடுமையான சோதனை இல்லை. கரும்புகை வந்தால் இன்ஜெக்டர்களையும் காற்று வடிகட்டியையும் பார்க்கலாம், அது அஞ்சத்தக்கதன்று. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை வந்தால், வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புவது நல்லது.

நாளாந்தப் பாவனையில் இந்த வேகன் எப்படி? கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டதும், அதற்கப்பால் உப்பாறு, கங்கைப் பாலங்கள் அமைந்ததும், வாகனங்களை ஏற்றிச்செல்லும் பாதைப் படகுக்குக் காத்திருந்து கடந்த மூதூர் வழியை ஒரே ஓட்டமாக ஓடும் வீதியாக மாற்றிவிட்டன. அந்த வீதியில் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் இந்த எஞ்சின் அமைதியாக, உழைக்கப் பிறந்த மாடு போல, நடையை மாற்றாமல் இழுக்கின்றது. அதற்கு மேல் முடுக்கினால் சத்தம் கூடுமேயன்றி வேகம் அவ்வளவாகக் கூடாது. முந்திச் செல்வதற்கு நீண்ட இடைவெளி வேண்டும், லொறிக்குப் பின்னால் பொறுமையாக வருவதே முறை. பின்பகுதியின் கொள்ளளவில் குறை சொல்ல எதுவுமில்லை. நெல் மூட்டைகளும், ஊரிலிருந்து வரும் உறவினரின் பொதிகளும், மகளின் சைக்கிளும் அதில் அடங்கியிருக்கின்றன.

பாதுகாப்பில் மட்டும் மனம் நிறையவில்லை, இதை வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அக்காலத்து வேகன்களில் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பும் இல்லை. நல்ல டயர்களும் சரிவர வேலை செய்யும் பிரேக்கும் ஆசனப்பட்டிகளுமே இங்குள்ள காவல். அவற்றில் ஒரு ரூபாவையும் மிச்சம் பிடிக்கக் கூடாது. முகப்பு விளக்குகளும் வயதுக்கேற்ப மங்கியிருக்கும். கந்தளாய், அக்போபுர பக்கங்களில் மாலைக்குப் பின் யானைகள் வீதியைக் கடப்பதால், வயர்களையும் விளக்கின் உள்கண்ணாடியையும் புதுப்பிக்காமல் அவ்வழியே இரவில் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன்.

இதே விலைவரிசையில் நிசான் ஏ.டி. வேகனும் டொயோட்டா கல்டினாவும் கிடைக்கின்றன. கல்டினா சற்று அகலமானது, இருக்கை சொகுசு கூடியது, அதிலும் 2சி வந்திருக்கின்றது. நீண்ட உடல்வாகு உள்ளவர் அதை ஓட்டிப் பார்க்கலாம். ஏ.டி. வேகன் பெரும்பாலும் சரக்கு ஏற்றவே பயன்பட்டதால், உழைத்துக் களைக்காத ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். மூன்றிலும் எதை வாங்குவது என்பதைப் பெயர் அல்ல, கறள் இல்லாத உடலே தீர்மானிக்க வேண்டும்.

பத்திரங்களைப் பார்க்கும்போது, பதிவுச் சான்றிதழிலுள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் பொறித்தவற்றோடு நீங்களே ஒப்பிட வேண்டும். பல வேகன்களில் எஞ்சின் இடையில் மாற்றப்பட்டிருக்கும். மாற்றியது தவறன்று, ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். குத்தகைக் கம்பனியின் உரிமை நீக்கப்பட்டிருக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறி வந்த வாகனங்கள் நம் பகுதியில் ஏராளம். சான்றிதழில் உள்ளவரை நேரில் சந்திக்க முடியாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாகப் பணக்கணக்கு. கையிலுள்ள தொகை முழுவதையும் வாகனத்தின் விலைக்கே கொடுத்துவிடாமல், பெல்ட், ரேடியேற்றர், எண்ணெய்கள், டயர், பிரேக் ஆகியவற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, நாளாந்தப் பயணத்தைத் தொடங்குமுன் இவை அனைத்தையும் செய்து முடிக்க வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை, குறிப்பாக வாடைக் காலத்தில், வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிடுங்கள்.