நூற்றெண்பது டாலர் பெட்டி, நான்கு வருடம் கழித்து

பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. குறை சொல்ல முடியாது, கெட்டியான அட்டை. பழைய சார்ஜர், மிக்ஸி ஜாரின் மூடி, யாருடையது என்றே தெரியாத நான்கு சாவிகள் எல்லாம் அதற்குள்தான் வாழ்கின்றன. நான்கு வருடத்தில் அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் வெறும் பெட்டிதான் என்பேன்.

2021 கடைசியில் நியூஜெர்சியிலிருந்து ஊருக்கு வந்த அண்ணன் தூக்கிவந்த, ஒரு வீடியோ கேமின் கலெக்டர்ஸ் எடிஷன் அது; சிலை, புத்தகம் என்று சேர்த்து விற்கும் ஆடம்பரப் பதிப்பு. கேமின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கேமோடு முடிவதில்லை. விலை 180 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 13,500 ரூபாய். சூட்கேஸில் பாதி இடத்தை இதுவே பிடித்துக்கொண்டது என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

உள்ளே ஒரு அடி உயரத்துக்குக் கதாநாயகன் சிலை, துணியில் அச்சடித்த வரைபடம், ஆர்ட் புக், கேமுக்குள் போட்டுக்கொள்ள ஒரு உடை, அப்புறம் ஒரு ஸ்டீல்புக், அதாவது டிஸ்க் வைக்கிற உலோக உறை. அந்த ஸ்டீல்புக்கைத் திறந்தேன். டிஸ்க் மாட்டுகிற இடம் இருந்தது, டிஸ்க் இல்லை. கூடவே ஒரு சீட்டில், கேமை டவுன்லோட் செய்துகொள்ளப் பன்னிரண்டு எழுத்துக் குறியீடு. என் இந்திய அக்கவுண்டில் அடித்தேன், ஏற்கவில்லை. அமெரிக்காவில் விற்ற குறியீடு அமெரிக்க அக்கவுண்டில்தான் வேலை செய்யும். அதற்காகப் புதிதாக ஓர் அக்கவுண்ட், அதில் அண்ணன் வீட்டு முகவரி, ராத்திரி முழுக்க டவுன்லோட். பிறகு அதே கேமுக்கு டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வந்தபோது அதையும் அந்த ஊர் ஆன்லைன் கடையில்தான் வாங்கவேண்டும் என்றது. என் கார்டு அங்கே செல்லவில்லை. அண்ணன் டாலரில் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பினான். அவனுக்கு எதற்கு இந்தத் தலைவலி!

டிஸ்க்காக இருந்திருந்தால் கன்சோலில் (டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி) செருகியதும் ஓடியிருக்கும், எந்த நாட்டில் வாங்கியது என்று கேட்டிருக்காது.

டிஸ்க் இல்லாத ஆடம்பரப் பெட்டி இப்போது சகஜம். 2022-ல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கேமின் கலெக்டர்ஸ் எடிஷன் 199.99 டாலர், அதற்கும் மேலே ஒன்று 259.99 டாலர். இரண்டிலும் ஸ்டீல்புக் உண்டு, டிஸ்க் கிடையாது. அடுத்த வருடம் 'ஸ்பைடர்மேன் 2', 229.99 டாலர், பெரிய சிலையோடு, அதிலும் அப்படியே. முன்கூட்டியே சொல்லித்தான் விற்றார்கள், ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் சாதாரணப் பதிப்பு வாங்கியவன் கையில் டிஸ்க் இருக்க, மூன்று மடங்கு கொடுத்தவன் கையில் சீட்டு இருப்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊரில் இது இன்னும் வலிக்கும். பிஎஸ் 4 (ப்ளேஸ்டேஷன் 4) கன்சோல் காலத்தில் பெரிய கேம் ஒன்று புதுசாக 3,999 ரூபாய், பிஎஸ் 5 வந்ததும் 4,999. இந்த விலையைத் தாங்க என்னை மாதிரி ஆட்களுக்கு இருக்கிற ஒரே வழி டிஸ்க்தான். வெள்ளிக்கிழமை 4,999-க்கு வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து, கீறல் இல்லாமல் 3,200-க்குக் கைமாற்றிவிட்டால் எனக்கு ஆன செலவு 1,800 ரூபாய். குடும்பத்தோடு மாலில் ஒரு படம் பார்த்துவிட்டு பாப்கார்னும் வாங்கினால் அவ்வளவு ஆகும். அந்த 3,200-ல் இன்னொருவரிடம் அடுத்த டிஸ்க். இப்படி ஒரே பணத்தைச் சுற்றவிட்டே ஒரு வருடம் முழுக்க விளையாடியிருக்கிறேன். டவுன்லோட் குறியீட்டை யாரிடம் விற்பது?

கேம் தயாரிக்க ஆகிற செலவும் எனக்குப் புரியாமல் இல்லை. 2023-ல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் தாக்கலான ஆவணங்களில் சில எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள், அதையும் மீறித் தெரிந்துவிட்டது: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' எடுக்க 220 மில்லியன் டாலர். 60 டாலர் விலை சுமார் பதினைந்து வருடம் நகராமல் நின்று, 2020-ல்தான் 70-ஐத் தொட்டது. சரி, போகட்டும்.

கன்சோல் விலைதான் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் காத்திருந்தால் இறங்கும். பிஎஸ் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்து 2009-ல் 99-க்கு இறங்கியது. பிஎஸ் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது; 2022 நவம்பரில் 54,990. அமெரிக்காவில் வெளியாகி ஐந்து வருடம் ஆகப்போகிற நேரத்தில், 2025 ஆகஸ்டில், 50 டாலர் ஏற்றினார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று உட்கார்ந்திருந்த என் நண்பன் ஒருவன் இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறான்.

நான் குறை சொல்வது 70 டாலருக்கு மேலே போட்டுவைத்திருக்கும் ஏணியைத்தான். டீலக்ஸ், கோல்ட், அல்டிமேட் என்று விலை கூடிய பதிப்புகள். இதில் பெரிய தூண்டில் 'மூன்று நாள் முன்பே விளையாடலாம்' என்பது. முன்பே என்று அவர்கள் சொல்கிற நாள்தான் உண்மையான வெளியீட்டு நாள், மற்றவர்களுக்கு மூன்று நாள் தாமதம். 2024-ல் 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' வந்தபோது நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 69.99 டாலர் கேமுக்கு 109.99 கொடுத்து மூன்று நாள் முன்னால் ஆரம்பித்த பிஎஸ் 5 ஆட்கள் சிலரை, பேட்ச் (பிழை திருத்தம்) போட்டுவிட்டு முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். பொறுமையாக இருந்தவர்கள் பேட்ச் போட்ட கேமையே ஆரம்பித்தார்கள்.

பெட்டியில் வந்த மற்றவற்றுக்கு வருகிறேன். உடை: இருபது நிமிடம் போட்டேன். கேமின் மூன்றாவது மணி நேரத்திலேயே அதைவிட நல்ல கவசம் கிடைத்துவிட்டது. துணி வரைபடம்: ஃபிரேம் போடவேண்டும் என்று சுருட்டி வைத்தது, சுருட்டியபடியே இருக்கிறது.

சிலையின் கதை கொஞ்சம் பெரியது. முதல் வருடம் டிவி பக்கத்தில் நின்றது. சென்னைத் தூசி சும்மா விடுமா, அங்கி மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெயிண்ட் பிரஷ் வைத்துத் தட்டவேண்டியிருந்தது. இரண்டாம் வருடம் வேலைக்கு வருகிற அக்கா துடைக்கும்போது வாள் நுனி உடைந்தது. ஃபெவிக்விக் போட்டேன், உற்றுப் பார்த்தால் வெள்ளைக் கோடு தெரியும். அந்த நவராத்திரியில் அம்மா என்னைக் கேட்காமலே அதைத் தூக்கிக் கொலுவில், கீழே பார்க் போடுகிற இடத்தில், செட்டியார் பொம்மைக் கடைக்குக் காவலாக நிறுத்திவிட்டார். சுண்டல் வாங்க வந்த எதிர்வீட்டு மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அய்யனார் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கார்?" என்றார். அதிலிருந்து வருடாவருடம் கொலுவில் அவருக்கு இடம் உண்டு. மற்ற நாளெல்லாம் துணி சுற்றிப் பரணில்.

ஆர்ட் புக் மட்டும் காசுக்குத் தகும். என் மகள் அதில் இருக்கும் குதிரையைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் க்ரேயான் கறை இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் தனியாக விற்றால் இரண்டாயிரம் வரை கொடுத்திருப்பேன்.

இப்போதும் அலமாரியில் நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது 2015-ல் வாங்கிய 'விட்சர் 3'. சாதாரணப் பதிப்புதான். உறைக்குள் காகித வரைபடம், பாட்டு சிடி, ஸ்டிக்கர், ஒரு சின்னப் புத்தகம், வாங்கியதற்கு நன்றி என்று ஒரு கடிதம், எல்லாவற்றோடும் டிஸ்க். தனியாக ஒரு பைசா கேட்கவில்லை. அதை மட்டும் யாருக்கும் கைமாற்றவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் வருகிறான். நேற்று போனில், "புதுசா ஏதோ பெட்டி வருதாமே, கொண்டு வரவா?" என்றான். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. டிஸ்க் மட்டும் போதும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, பையில் சட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வா என்றேன்.