பெரிய பாஸ் மீனுக்கு நீளமான பிளாஸ்டிக் புழு: ஒரு மதிப்பீடு

லார்ஜ்மௌத் பாஸ் என்ற பெரிய வாயுள்ள நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்களிடம், செயற்கை இரையாகக் கோக்கும் 6, 7 அங்குலப் பிளாஸ்டிக் புழுக்கள் தவறாமல் இருக்கும். 10 முதல் 12 அங்குல நீளமுள்ள ரிப்பன் வால் புழுவையோ பலர் வாங்கி வைத்துவிட்டு, இவ்வளவு நீளத்தை எந்த மீன் விழுங்கப்போகிறது என்ற ஐயத்திலேயே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஐயத்துக்கு இடமில்லை. பாஸ் இரையைக் கடித்து மென்று தின்பதில்லை. வாயைச் சட்டென்று அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. வளைந்து மடியக்கூடிய மென்மையான புழு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த ஓட்டத்தில் உள்ளே போய்விடும்.

1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிக் க்ரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். புழுவை முள்ளில் கோக்க, பின்னாளில் பரவலான டெக்சாஸ் ரிக் முறைதான் இன்றும் இதற்கு மிகப் பொருத்தமானது. தூண்டில் நரம்பில் முதலில் தோட்டா வடிவ எடைக் குண்டைக் கோத்து, 5/0 அளவுள்ள ஆஃப்செட் தூண்டில் முள்ளை (கழுத்தில் மடிப்புள்ள முள்) கட்டி, முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் செலுத்தி வெளியே எடுத்துத் திருப்பி, மீண்டும் உடலுக்குள் புதைத்துவிட வேண்டும். அப்போதுதான் அடர்ந்த பாசிக்குள்ளும் மூழ்கிய மரக்கிளைகளுக்குள்ளும் சிக்காமல் போய்வரும். கோத்து முடித்ததும் புழுவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது நேராக நிற்க வேண்டும். சிறிது கோணலாக இருந்தாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

இதன் உண்மையான பலம் வாலில்தான் இருக்கிறது. அரை அவுன்ஸ் குண்டு தலையைக் கீழே இழுக்க, மெல்லிய ரிப்பன் வால் பின்னால் அலையலையாக நெளிந்துகொண்டே இறங்குகிறது. அடியில் மெதுவாக இழுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த நெளிவு மீண்டும் உயிர்பெறுகிறது. பெரும்பாலான கொத்துகள் இறங்கும்போதே வருகின்றன என்பதால், நரம்பு பக்கவாட்டில் நகர்கிறதா என்று கண் அதிலேயே இருக்க வேண்டும். முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் கோடையில் ஆழமான பாசி விளிம்புகளுக்கும் சரிவுகளுக்கும் நகரும் காலத்தில், இதற்கு இணையாக நான் மதிக்கும் இரை வேறில்லை.

மெல்லிய கோலோடு இதைப் பயன்படுத்துவது வீண். தடித்த உடலைத் துளைத்துக்கொண்டு முள் மீனின் வாயில் ஏற வேண்டுமென்றால், 7 அடிக்கு மேற்பட்ட வலுவான கோலும் 15 முதல் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பும் வேண்டும். கொத்து உணர்ந்ததும் தொய்வைச் சுற்றியெடுத்து, ஒரே வீச்சில் ஓங்கி இழுக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை: தெளிந்த நீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, கலங்கிய நீருக்குக் கருப்பு அல்லது அடர் ஊதா போதும்.

குறைகளும் உண்டு. சிறு மீன்கள் வாலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். வால் போன புழுவில் பாதி பயன்கூட இல்லை. ஒரு பெரிய மீனோடு தலைப்பகுதி கிழிந்துபோவதும் சாதாரணம். நுனியை நறுக்கிவிட்டுச் சற்றுக் கீழே மீண்டும் கோக்கலாம். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் சில சமயம் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், வந்த பையிலேயே வைத்திருப்பது நல்லது. கிழிந்தவற்றை நீரில் எறியவே கூடாது. அவை மக்குவதில்லை, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடக்கூடும். தண்ணீர் மிகவும் குளிர்ந்து மீன்கள் மந்தமாகும் மாதங்களுக்கு மட்டும் 6 அங்குலப் புழுவையே நான் பரிந்துரைப்பேன்.