இலைச் சாப்பாடு: பரிமாறுபவர்களுக்கு 10-க்கு 7

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய இந்த மெஸ்ஸில் சமையலைவிடப் பந்தி விசாரிப்புதான் பெரிது. இலை நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வருகிறது. உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். சாம்பார்ச் சோறு முடியும் முன்பே ரச வாளி அருகில் வந்து நிற்கிறது. கேட்காமலே மறுசோறு கிடைப்பது, அதுவும் முகம் சுளிக்காமல், இன்று அபூர்வம்.

மதியம் 1 மணிக்கு மேல்தான் தடுமாற்றம். ஒருவரே சோறும் குழம்பும் தூக்குவதால் கடைசி வரிசைக்குப் போவதற்குள் சோறு ஆறிவிடுகிறது, அப்பளம் மோருக்குத்தான் வருகிறது. குழம்பு வாளிக்குத் தனி ஆள் போட்டால் போதும். டம்ளருக்குள் விரல் விட்டுத் தூக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

பில்லில் சேவைக் கட்டணம் இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.